ஐம்பதும் முப்பதும் எழுபது

ஐம்பதையும் முப்பதையும் சேர்த்தால் எவ்வளவு என்று அமெரிக்கப் படைவீரர் நலத்துறையில் கேட்டுப் பாருங்கள். எழுபது என்பார்கள். கூட்டத் தெரியாமல் சொல்வதில்லை. அவர்கள் கூட்டுவதே இல்லை.

போரிலிருந்து திரும்பிய ஒருவருக்கு மன அதிர்ச்சி நோய் இருக்கிறது. அதற்கு 50 சதவீதப் பாதிப்பு என்று நலத்துறை மதிப்பிடுகிறது. முழங்கால் தேய்ந்திருக்கிறது, அதற்கு 30. நாமாக இருந்தால் 80 என்று எழுதிவிடுவோம். அங்கே கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. முழு மனிதரை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். முதல் நோய் அதில் பாதியைத் தின்றுவிட்டது, மிச்சம் 50. முழங்கால் தின்னப்போவது அந்த மிச்சத்தில்தான். 50இல் 30 சதவீதம் 15. ஆக, போனது 65, இருப்பது 35. 65ஐப் பக்கத்திலிருக்கும் பத்துக்குக் கொண்டுபோனால் 70. எந்த நோயை முதலில் எழுதினாலும் விடை மாறாது.

ஆடி மாதத்தில் துணிக்கடை வாசலில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. ‘50% + 30% தள்ளுபடி’ என்று பலகை தொங்கும். 1,000 ரூபாய்ச் சேலையை 200 ரூபாய்க்குக் கேட்டால் கடைப்பையன் சிரிப்பான். பில்லில் 350 என்றுதான் வரும். முதல் தள்ளுபடி சேலைக்கு, இரண்டாவது மிச்ச விலைக்கு. அமெரிக்க அரசு மனித உடம்புக்குப் போடுவதும் இதே பில்தான்.

இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். அதே ஆளுக்குக் காதில் இரைச்சல் என்று மூன்றாவதாக ஒரு 10 சதவீதம் சேர்கிறது. 65 என்பது 69 ஆகிறது; பத்துக்குக் கொண்டுபோனால் அதே 70. நான்காவதாக இன்னொரு 10 சேர்ந்தால் 72. அப்போதும் 70. ஐந்தாவதாக ஒரு 10 வந்தால்தான் 75 ஆகி, 80 என்று மேலே ஏறுகிறது. அதாவது மூன்று புது நோய்கள் சேர்ந்து ஒரு படி. மிச்சத்தில் பங்கு கேட்டுக்கொண்டே போனால் மிச்சம் ஒருநாளும் பூஜ்யம் ஆகாது. அதனால் 95ஐத் தொட்டவரை 100 என்று சட்டமே ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சலுகை இல்லாவிட்டால் பல நோய் சேர்ந்து படுத்துவிட்டவர் எத்தனை நோய் சேர்த்தாலும் 99இலேயே நிற்பார்.

பணம் மட்டும் இந்த வளைவின்படி நடப்பதில்லை. 2024இல் குடும்பம் இல்லாத தனி ஆளுக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 171.23 டாலர். 90 சதவீதம் என்றால் 2,241.91. நூறைத் தொட்டால் 3,737.85. கடைசிப் படிக்கு மட்டும் ஏறத்தாழ 1,500 டாலர். சரியாக 90இல் நிற்பவர் நூறுக்கு ஏற வேண்டுமென்றால் இன்னொரு 50 சதவீத நோய் வேண்டும். மிச்சம் 10, அதில் பாதி 5, ஆக 95. அந்தக் கடைசிப் படியில்தான் அமெரிக்காவில் வழக்கும் முறையீடும் மறு விண்ணப்பமும் குவிந்து கிடப்பதில் ஆச்சரியமில்லை.

இது வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் மத்திய அரசின் கணக்கு. இதில் ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு என்ன வேலை?

அமெரிக்க மாநிலங்களில் கூட்டத்தொடர் முடிந்ததும் உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்கு ஒரு மடல் அனுப்புவது வழக்கம். படைவீரர்களுக்கு என்ன செய்தோம் என்று ஒரு பத்தி இருக்கும். மக்கள் வரிப்பணத்தை எவ்வளவு சிக்கனமாகக் கையாண்டோம் என்று இன்னொரு பத்தி இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு, ஒரு தேசியக் கொடிப் படம். படிக்கிறவர் இவை இரண்டும் வேறு வேறு சங்கதி என்று நினைத்துக்கொள்வார். அந்தக் கோடுதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது.

டெக்சாஸை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 15 லட்சம் முன்னாள் படைவீரர்கள் வாழும் மாநிலம். அதன் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் கூடும். உறுப்பினருக்குச் சம்பளம் மாதம் 600 டாலர். நம்மூர்க் கவுன்சிலர்கூடக் கேட்டால் சிரிப்பார். மாநிலத்தில் வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடமும் ரோடும் போலீசும் பெருமளவு வீட்டு வரியில்தான் ஓடுகின்றன. இந்தச் சட்டமன்றம் 2009இல் ஒரு நல்ல காரியம் செய்தது: 100 சதவீதப் பாதிப்பு என்று மதிப்பிடப்பட்ட படைவீரர் குடியிருக்கும் வீட்டுக்கு வரியே இல்லை. 2011இல் அந்தச் சலுகை அவர் இறந்த பிறகு, மறுமணம் செய்யாத துணைக்கும் நீண்டது.

மாநில பட்ஜெட்டில் இதற்கென்று ஒரு பைசா எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்கத் தேவையும் இல்லை. இது செலவு அல்ல, வராமல் போகும் வரவு. வராமல் போவதும் மாநிலத்துக்கு அல்ல, ஊருக்கு. மிகப் பெரிய ராணுவத் தளங்களில் ஒன்றான ஃபோர்ட் ஹூட்டை ஒட்டிக் கிலீன் என்று ஒரு நகரம் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். பணி முடித்தவர்கள் பழகிய இடம், ராணுவ மருத்துவமனை பக்கம், நண்பர்கள் பக்கம் என்று அங்கேயே வீடு வாங்கித் தங்கிவிடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் 95ஐத் தொடுகிறார்கள் என்பதை வைத்து, கிலீன் நகரசபைக்கு ரோடு போட எவ்வளவு மிஞ்சும் என்பது முடிவாகிறது. நலத்துறையில் ஓர் அலுவலர் 94.6ஐ 95 என்று எழுதினால், டெக்சாஸில் ஒரு தெருவிளக்குக்குக் காசு குறைகிறது. 2015இல் சட்டமன்றம் இதை ஒப்புக்கொண்டு, ராணுவத் தளங்களை ஒட்டிய ஊர்களுக்கு இழப்பில் ஒரு பங்கைத் திருப்பித் தர வழி செய்தது. முழுதும் தரவில்லை. ஊர்க்காரர்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மூன்றாவது நோய்க்குத் திரும்புவோம், காதில் இரைச்சல். அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு வாங்கும் பாதிப்புகளில் முதலிடம் அதற்குத்தான். 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வாங்குகிறார்கள். குண்டடியும் இல்லை, கால் போனதும் இல்லை. ராத்திரி விளக்கணைத்ததும் காதுக்குள் தொடங்கும் ஒரு ‘ஙொய்’.

உள்காதில் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது, பட்டாணி அளவு. அதற்குள் வரிசை வரிசையாக மயிர்ச்செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. ஒரு சினிமாக் கொட்டகையில் உட்காரும் கூட்டத்தைப் போலப் பதினைந்து மடங்கு என்று தோன்றலாம்; கண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும் ஒளிச்செல்களோடு ஒப்பிட்டால் இது கைப்பிடி எண்ணிக்கை. ஒலி வந்தால் இந்த மயிர்கள் சாயும். சாய்ந்தால் நரம்பில் மின்துடிப்பு ஓடும். காதருகே துப்பாக்கி வெடித்தால் 150 டெசிபலுக்கு மேல். அதில் மயிர்கள் சாய்வதில்லை, ஒடிகின்றன. கோழிக்கு இப்படி ஒடிந்தால் சில வாரங்களில் புதிதாகத் தளிர்த்துவிடும்; 1980களின் கடைசியில் இதைக் கண்டுபிடித்தபோது ஆய்வாளர்களே நம்ப முடியாமல் திகைத்தார்கள். பாலூட்டிகளுக்கு அந்த வரம் இல்லை. பிறக்கும்போது கொண்டுவந்ததுதான் கணக்கு.

மூளைக்கு இந்த இழப்பு பொறுப்பதில்லை. வராத ஒலியைத் தேடி, ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது சத்தத்தைக் கூட்டுவதுபோல, உள்ளே கூட்டிவிடுகிறது. அப்போது கேட்பது வெறும் இரைச்சல். வெளியிலிருந்து எந்தக் கருவியாலும் அதை அளக்க முடியாது. படைவீரர் சொல்ல வேண்டும், நலத்துறை நம்ப வேண்டும். அமெரிக்கப் படைவீரர்களுக்கு மிக அதிகமாக ஏற்கப்பட்ட நோய், நிரூபிக்கவே முடியாத ஒரு நோய் என்பது எனக்குக் கேலியாகப் படவில்லை. நம்புவதைத் தவிர வேறு வழியில்லாத இடத்தில் ஓர் அரசு நம்புகிறது.

இங்கேதான் காலம் உள்ளே வருகிறது. இருபது வயதில் மயிர்ச்செல்களில் கொஞ்சம் போனால் தெரியாது. மிச்சம் இருப்பவை சமாளிக்கும். அறுபதில் முதுமை தன் பங்கைத் தின்ன வரும்போது ஏற்கெனவே பாதி காலி. முழங்காலுக்கும் முதுகுக்கும் இதே கதை. இளமை மூடி மறைத்ததை முதுமை திறந்து காட்டுகிறது. விண்ணப்பம் அப்போதுதான் வருகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் லிண்டா பில்ம்ஸ் இந்தத் தாமதத்தைக் கணக்கெடுத்தவர். முதல் உலகப்போர் 1918 நவம்பரில் முடிந்தது. அந்தப் போர்வீரர்களின் உடற்பாதிப்புக்கு அமெரிக்க அரசு மிக அதிகமாகப் பணம் கொடுத்த ஆண்டு எது? 1969. நிலவில் மனிதன் இறங்கிய ஆண்டு. இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கு அந்த உச்சம் 1980களின் பிற்பகுதியில் வந்தது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் போனவர்களைப் பராமரிக்க 2050 வரை 2.2 லட்சம் கோடி முதல் 2.5 லட்சம் கோடி டாலர் வரை ஆகும் என்று 2021இல் அவர் மதிப்பிட்டார். துப்பாக்கி ஓய்ந்த அன்றைக்குப் பீரங்கிச் செலவு நின்றுவிடும். ஆள் செலவு அப்போதுதான் தொடங்கும். போருக்குக் கை தூக்கிய உறுப்பினர் ஓய்வுபெற்று, அவர் பெயரில் ஒரு பாலம் கட்டி, அந்தப் பாலம் பழசான பிறகு பில்லின் பெரிய தொகை வருகிறது.

உடம்பு மட்டும்தான் தாமதிக்கிறது என்றில்லை. அறிவியலும் தாமதிக்கிறது.

1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் தெற்கு வியட்நாமின் காடுகள் மீது களைக்கொல்லி தெளித்தன. மொத்தம் 7 கோடி லிட்டருக்கு மேல். எதிரி ஒளிந்துகொள்ள இலை இருக்கக்கூடாது என்பது நோக்கம். பீப்பாயில் ஆரஞ்சு நிறப் பட்டை போட்டிருந்ததால் அவற்றில் முக்கியமான கலவைக்கு ஏஜென்ட் ஆரஞ்சு என்று பெயர் வந்தது. அதைத் தயாரிக்கும்போது வேண்டாத துணைப்பொருளாக டையாக்சின் என்ற நஞ்சு கலந்துவிட்டது. அது கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும். மனித உடம்பில் புகுந்தது பாதியாகக் குறையவே ஏழு முதல் பதினோரு ஆண்டு எடுக்கும். தெளித்த காட்டில் நடந்த பத்தொன்பது வயதுப் பையன் அதைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினான், கல்யாணம் செய்தான், லாரி ஓட்டினான்.

இருபது ஆண்டு கழித்து அவனுக்குப் புற்றுநோய் வந்தால் அது எதனால் வந்தது? எந்த மருத்துவராலும் ஒரு தனி ஆளைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. புற்றுநோய்க் கட்டியில் அனுப்பியவர் முகவரி எழுதியிருக்காது. ஆயிரக்கணக்கானோரை வரிசையில் நிறுத்தி எண்ணினால்தான் கூடுதலா குறைவா என்று தெரியும். இந்தச் சிக்கலை அமெரிக்கச் சட்டம் ஒரு குறுக்கு வழியில் தாண்டியது. 1991இல் நிறைவேறிய சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள நோய் வந்தவர் வியட்நாமில் பணிபுரிந்தேன் என்று காட்டினால் போதும். நோய் அங்கிருந்துதான் வந்தது என்று அரசே அனுமானித்துக்கொள்ளும். நிரூபிக்கும் சுமை படைவீரர் தோளிலிருந்து இறங்கியது.

பட்டியல் மட்டும் நின்றபாடில்லை. 2001இல் சர்க்கரை நோய் சேர்ந்தது. 2010இல் மாரடைப்புக்குக் கொண்டுபோகும் இதய நோயும் பார்க்கின்சன் நோயும் சேர்ந்தன. 2022இல் ரத்த அழுத்தம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வியட்நாமைக் கண்ணாலும் பார்க்காத அமெரிக்கக் கிழவர்களில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. சட்டம் அதைக் கேட்பதில்லை. கேட்டால் லட்சக்கணக்கான பேரின் குருதியைச் சோதித்து, எவருக்குச் சோற்றால் வந்தது, எவருக்கு நஞ்சால் வந்தது என்று பிரிக்க வேண்டும், பிரிக்க முடியாது. தகுதியில்லாத சிலருக்குக் கொடுப்பதா, தகுதியுள்ள பலருக்கு மறுப்பதா என்ற கேள்விக்கு நாடாளுமன்றம் சொன்ன பதில் இது. சரியான பதில் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை அறிவியலின் தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். அது பண ஒதுக்கீட்டின் தீர்ப்பு. அறிவியல் சாட்சிக் கூண்டில் நின்றது, அவ்வளவே. அந்தக் காடுகளுக்கு அடியில் குடியிருந்த வியட்நாமியருக்கு இப்படி ஒரு பட்டியல் கிடைக்கவில்லை. டா நாங் விமான நிலையத்து மண்ணைச் சுத்தம் செய்ய 2012இல்தான் அமெரிக்கா வந்தது.

2022இல் அந்தக் கோடு, கொடிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கோடு, எல்லோர் கண்ணிலும் பட்டது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ராணுவ முகாம்களின் குப்பையைப் பெரிய குழிகளில் கொட்டி, விமான எரிபொருளை ஊற்றி எரித்தார்கள். பிளாஸ்டிக், பேட்டரி, பெயின்ட், மருத்துவக் கழிவு எல்லாம் ஒரே தீயில். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கும் இதே அனுமானத்தை நீட்டிக்கும் மசோதா செனட் சபைக்கு வந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் படைவீரர்களை எதிர்க்கவில்லை என்றார்கள். செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதைத்தான் எதிர்த்தார்கள். அமெரிக்க பட்ஜெட்டில் ஆண்டுதோறும் வாக்கெடுத்து ஒதுக்கும் செலவு ஒரு கணக்கு. சட்டப்படி தானாகவே போய்க்கொண்டிருக்கும் செலவு இன்னொரு கணக்கு. முதல் கணக்கிலிருந்து இரண்டாவதற்கு நகர்த்தினால் முதல் கணக்கில் இடம் காலியாகும், அதில் வேறு எதையாவது செலவழித்துவிடுவார்கள் என்பது வாதம். கணக்குப்பிள்ளை கேட்டால் நியாயம் என்பார். ஜூலை 27 அன்று மசோதா தடைபட்டது. படைவீரர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே பாய் விரித்துவிட்டார்கள். வெயில், மழை, ராத்திரி எல்லாம் அங்கேயே. ஆகஸ்ட் 2 அன்று 86க்கு 11 என்று மசோதா நிறைவேறியது. தலைப்புத் தகராறு அப்படியேதான் இருந்தது.

மாநிலங்களுக்கு இப்படிப் பெரிய நாடகங்கள் அமைவதில்லை. அவற்றின் வேலை பெரும்பாலும் ஒரு மேசையும் ஒரு நாற்காலியும். மாசசூசெட்ஸில் 1861இல் தொடங்கிய ஏற்பாடு ஒன்று இன்றைக்கும் நடக்கிறது. ஒவ்வோர் ஊரும் படைவீரர்களுக்கென்று ஓர் அலுவலரை வைத்திருக்க வேண்டும்; பக்கத்து ஊரோடு சேர்ந்தும் வைத்துக்கொள்ளலாம். வருமானம் குறைந்த படைவீரருக்கு ஊர் உதவித்தொகை கொடுக்கும். அதில் 75 சதவீதத்தை மாநிலம் திருப்பித் தரும். நம்மூர் மாவட்டத் தலைநகரங்களில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போயிருப்பவர்களுக்கு அந்த மேசை எப்படி இருக்கும் என்று தெரியும்: கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் படிவத்தைப் பார்க்கும் ஒருவர், எதிரில் பிளாஸ்டிக் உறையில் பழைய தாள்களோடு இன்னொருவர். அமெரிக்காவில் அந்த மேசைக்கு மாநிலமும் கவுண்டி எனும் மாவட்ட நிர்வாகமும் சம்பளம் தருகின்றன. அங்கே நிரப்பப்படும் படிவத்துக்குப் பணம் தருவது வாஷிங்டன். உறுப்பினர் மடலில் ஒருவரியில் வந்துபோகும் ‘இரண்டு கூடுதல் அலுவலர் பணியிடங்கள்’ என்பதன் பொருள் இதுதான்: நாம் ஒரு சம்பளம் போட்டால், அதைப்போலப் பல மடங்கு மத்தியப் பணம் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேரும். செலவாகவும் வரவாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் அதிசய வரி அது. கிலீனில் ஊருக்கு நட்டமான அதே 100, இங்கே ஊருக்கு வரவு.

நல்ல மனதோடு செய்தது கைமீறிப் போவதும் உண்டு. டெக்சாஸில் படைவீரர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமில்லாப் படிப்பு 1923 முதல் இருக்கிறது. ஹேஸல்வுட் சட்டம் என்று பெயர். 150 கிரெடிட் மணிநேரம் வரை இலவசம். 2009இல் சட்டமன்றம், படைவீரர் பயன்படுத்தாத மணிநேரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்றது. அதுவரை வயதான அப்பாக்களின் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த உரிமைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. சில ஆண்டுகளில் தள்ளுபடித் தொகை பல மடங்கானது. மாநிலம் சட்டம் போட்டது. கட்டணம் கிடைக்காமல் போனது பல்கலைக்கழகங்களுக்கு. 2013இல் ஈடுசெய்ய ஒரு நிதியம் ஏற்படுத்தினார்கள், போதவில்லை. 2015இல் சலுகையைக் குறைக்க முயன்றார்கள். படைவீரர்கள் திரண்டு வந்து நின்றார்கள். முயற்சி அத்தோடு சரி.

பிள்ளை என்ற சொல் சட்டத்துக்குள் நுழைந்தால் இப்படித்தான் ஆகும். சொல்லின் ஆயுள் மனிதரின் ஆயுளைவிட நீளம். அமெரிக்கா இதை 19ஆம் நூற்றாண்டிலேயே கற்றுக்கொண்டது. பிறகு மறந்தது, மறுபடி கற்றுக்கொண்டது.

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1862இல், வடக்கு அரசு பென்ஷன் சட்டம் போட்டது. முழுதும் செயலிழந்த சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். 1864இல் உறுப்புகளுக்கு விலை குறித்தார்கள்: இரண்டு கையும் போனால் 25 டாலர், இரண்டு காலும் போனால் 20. போர் முடிந்து செலவு இறங்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1890இல் நாடாளுமன்றம், 90 நாள் பணிபுரிந்திருந்தால் போதும், உழைக்க முடியாத நோய் எதுவானாலும் போரில் வந்திருக்க வேண்டியதில்லை என்று வாசலை அகலத் திறந்தது. 1893இல் பென்ஷன் வாங்கியவர்கள் ஏறத்தாழ 9 லட்சத்து 66 ஆயிரம். மத்திய அரசு செலவழித்த ஒவ்வொரு 100 டாலரிலும் சுமார் 40 டாலர் அவர்களுக்குப் போனது. போர் முடிந்து 28 ஆண்டு கழித்து!

அந்தப் பணத்தைப் பட்டுவாடா செய்ய வாஷிங்டனில் கட்டிய கட்டடம் இன்றும் நிற்கிறது. இப்போது அது கட்டடக்கலை அருங்காட்சியகம். 1887இல் முடிந்தது. ஒன்றரைக் கோடிச் செங்கல். நடுக்கூடத்தில் 75 அடி உயரத் தூண்கள். வெளிச்சுவரைச் சுற்றி 1,200 அடி நீளத்துக்குச் சுடுமண் சிற்பப் பட்டை: நடந்துகொண்டே இருக்கும் சிப்பாய்கள், குதிரைகள், வண்டிகள், காயம்பட்டவர்கள். சுற்றி வந்தால் அணிவகுப்புக்கு முதலும் இல்லை முடிவும் இல்லை. உள்ளே மேல்தள நடைகளில் இரும்புத் தடம் ஓடியது. அதில் கூடைகள் தொங்கிக்கொண்டு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கோப்புகளைக் கொண்டுபோயின. கட்டிமுடிக்காத இந்தக் கூடத்தில்தான் 1885இல் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்தின் பதவியேற்பு விருந்து நடந்தது. அவர்தான் பிறகு, உறுப்பினர்கள் தங்கள் தொகுதி ஆட்களுக்கென்று தனித்தனியாகக் கொண்டுவந்த பென்ஷன் மசோதாக்களில் 200க்கும் மேற்பட்டவற்றைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பியவர். ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் திருப்பினாராம். அடுத்த தேர்தலில் தோற்றார். அதற்கு இது மட்டுமே காரணம் இல்லை.

தோற்ற தெற்கு மாநிலங்களின் வீரர்களுக்கு மத்திய அரசு எதுவும் தரவில்லை. அங்கே முழுப் பாரமும் மாநிலச் சட்டமன்றங்கள் மேல் விழுந்தது. வட கரோலினா 1866லேயே, கருவூலம் காலியாகக் கிடந்த நேரத்தில், கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு தரத் தீர்மானித்தது. அளவெடுக்கத் தலைநகர் ராலிக்கு வர இலவச ரயில், தங்க இடம். வரவு செலவும் படைவீரர் நலனும் ஒரே காகிதத்தில், நடுவில் கோடில்லாமல் இருந்த காலம் அது. 1885இல் அங்கே பென்ஷனும் வந்தது.

அதே வட கரோலினாவில் ஒரு பையன் தெற்குப் படையில் சேர்ந்தான். 1863இல் காய்ச்சலாகி ஆஸ்பத்திரியில் கிடந்தவன் அங்கிருந்து ஓடிவிட்டான். அவன் விட்டுவந்த படைப்பிரிவு கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பெரும்பகுதி அழிந்தது. மறு ஆண்டு அவன் வடக்குப் படையில் சேர்ந்தான். ஓடியதால் உயிர் மிஞ்சியது, அணி மாறியதால் மத்திய அரசின் பென்ஷனும் உறுதியானது. முதல் மனைவி போன பிறகு, எழுபதைத் தாண்டிய வயதில், தன்னைவிட ஏறத்தாழ ஐம்பது வயது இளையவளைக் கல்யாணம் செய்தார். இப்படிக் கிழவர்களைக் கட்டிக்கொள்ளும் இளம்பெண்கள் வருவார்கள் என்று நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் இல்லை. 1890 சட்டம் இயற்றிய நாளுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தால்தான் விதவைக்குப் பணம் என்று அப்போதே எழுதி வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் அந்தத் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். 1930இல், அந்தச் சிப்பாய்க்கு 83 வயதானபோது, ஒரு மகள் பிறந்தாள். எட்டு ஆண்டு கழித்து அவர் இறந்தார்.

மகளால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள இயலாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. மாதம் 73 டாலர் 13 செண்ட். லிங்கன் காலத்துப் போருக்காக ரூஸ்வெல்ட் ஆட்சியில் கொடுத்தார்கள், கென்னடி ஆட்சியில் கொடுத்தார்கள், ஒபாமா ஆட்சியில் கொடுத்தார்கள். தொகை சிறிது, ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 877 டாலர் 56 செண்ட். பட்ஜெட் புத்தகத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 2020 மே 31 அன்று, தொண்ணூறு வயதில், ஒரு முதியோர் இல்லத்தில் அந்த அம்மாள் காலமானார். 1865இல் முடிந்த போருக்கான கடைசிக் கொடுப்பு அத்தோடு நின்றது. நலத்துறையின் ஏட்டில் அதற்கு அடுத்த வரி, 1898இல் ஸ்பெயினோடு நடந்த போர். அந்த வரியில் அன்றைக்கும் சில பேர் இருந்தார்கள்.